வயலைப் பாடுகிறவனின் கடன்

நமது தென்கிழக்குக் கரையில் கவிதை எழுத வந்தவர்களுள் வயலைப் பற்றி ஒரு கவிதையேனும் எழுதாதவரைக் காண்பது அரிது. மரபில் எழுதியவர்களும் எழுதினார்கள். புதுக்கவிதையில் எழுதுபவர்களும் எழுதுகிறார்கள். கல்முனை தொட்டு அக்கரைப்பற்று வரை ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் வயலையும் வைத்துக்கொண்டு வாழ்கின்ற சனங்களுக்கு இது இயல்பானதே. ஆயினும் இக்கவிதைகளை ஒன்றாக அடுக்கி வாசிக்கும்போது ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. வயலில் இறங்காத ஒருவர், இறங்கியவரின் உழைப்பை அழகாகப் பாடலாமா? பாடலாம் எனில், அந்தப் பாட்டு உழைத்தவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் இது கவிநயம் பற்றிய கேள்வி போலத் தோன்றும். எனக்கோ இது கொடுக்கல் வாங்கல் பற்றிய கேள்வியாகவே படுகிறது. நெல்லை எடுத்துச் சோறாக்குகிறவர் நெல்லுக்கு விலை கொடுக்கிறார். உழைப்பை எடுத்துக் கவிதையாக்குகிறவர் எந்த விலையைக் கொடுக்கிறார்? மார்க்கத்தில் கொடுக்கல் வாங்கலுக்கு இத்தனை சட்டங்கள் வகுத்து வைத்திருக்கின்ற நாம், இந்த ஒரு வியாபாரத்தை மட்டும் கணக்கில்லாமல் விட்டிருக்கிறோம்.

காரைதீவுச் சந்தியில் அம்பாறை வீதிக்குத் திரும்புகின்ற பஸ்ஸில் ஏறி யன்னலோரம் அமர்ந்தால், மாவடிப்பள்ளியைத் தாண்டிச் சம்மாந்துறை வரும்வரை வயல்தான் கூட வரும். 1949இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டமும் இங்கினியாகலை அணையும் சேனாநாயக்க சமுத்திரமும் இந்தப் பசுமைக்குப் பின்னால் நிற்கின்றன. அதற்கும் முன்னரே பட்டிப்பளை ஆற்று நீரை நம்பி நெல் விளைவித்த ஊர்கள் இவை. வேளாண்மை என்ற சொல்லே நமது பேச்சில் நெற்பயிரைத்தான் குறிக்கும். "வேளாண்மை எப்படி?" என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பது விவசாயக் கொள்கையைப் பற்றியல்ல, கதிர் எப்படி வந்திருக்கிறது என்பதைப் பற்றியே.

நமது வயற்கவிதைகளில் பெரும்பாலானவை அந்தப் பஸ் யன்னலிலிருந்து எழுதப்பட்டவை என்றே எனக்குத் தோன்றுகிறது. பச்சைக் கம்பளம் விரிகிறது, வெண்கொக்குகள் எழுகின்றன, தென்றல் கதிரைத் தாலாட்டுகிறது, பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். இந்தக் கடைசிக் காட்சியைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நமது வட்டைகளில் பெரும்பாலும் நடப்பது விதைப்புத்தான். உழுது, மிதித்து, பலகையடித்துச் சமன்படுத்திய சேற்றில் முளைகட்டிய நெல்லைக் கையால் வீசி விதைக்கிறார்கள். அப்படியிருக்க, நமது கவிதைகளில் இவ்வளவு பெண்கள் எங்கிருந்து வந்து நாற்று நடுகிறார்கள்? தஞ்சாவூர் வயலைப் பாடிய புத்தகங்களிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கவிஞர் யன்னலால் வெளியே பார்த்தாலும், அவர் கண்டது முன்னர் வாசித்த வயலைத்தான்.

இதற்கு ஒரு நீண்ட மரபு உண்டு. அதனைக் குற்றமாக மட்டும் சொல்லிவிட முடியாது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் நாட்டுப் படலம் பாடியபோது அரபு நாட்டைத் தமிழ்நாட்டு மருத நிலமாகவே வருணித்தார். மணற்பரப்பில் ஆறு பாய்ந்தது, வயல் விளைந்தது. காவியம் நாட்டு வளத்துடன் தொடங்க வேண்டும், வளம் என்றால் அது மருத வளமாக இருக்க வேண்டும் என்பது கம்பர் வழி வந்த இலக்கண மரபு. உமறுவின் நோக்கம் அரேபியாவின் விவசாயத்தைப் பதிவு செய்வதல்ல. நபிகளார் பிறந்த மண்ணைத் தமிழ்ச் செவிகளுக்கு நெருக்கமாக்குவது. அந்த நோக்கம் நிறைவேறியது. எந்தக் கூலிக்காரனும் அதனால் ஏமாற்றப்படவில்லை. நமது நிலைமை வேறு. நாம் பாடுவது கண்ணுக்கெட்டிய தூரத்திலுள்ள வயலை. அதில் நிற்பவர் நமது ஊரவர், நமது பள்ளிவாசலில் நம்முடன் ஒரே ஸப்பில் நிற்பவர். அவரது வயலை விட்டுவிட்டு இன்னொருவரின் வயலைப் பாடுவது அவரைப் பார்க்க மறுப்பதாகும்.

பள்ளு இலக்கியங்களை எடுத்துக்கொள்வோம். முக்கூடற் பள்ளு தொடக்கம் யாழ்ப்பாணத்தில் சின்னத்தம்பிப் புலவர் பாடிய பறாளை விநாயகர் பள்ளு வரை, உழுகிற மனிதன் பாட்டுடை நூலின் நடுவே வந்து நின்றது அவற்றில்தான். நெல்வகைகளின் பெயர்கள், மாட்டு வகைகள், ஏர்க்கால் உறுப்புகள் என்று அவை தருகின்ற பட்டியல்கள் இன்றும் நமக்குப் பொக்கிஷம். அந்தப் பெயர்கள் எந்தப் புலவரும் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து உண்டாக்கியவை அல்ல, உழைத்தவர் வாயிலிருந்து வந்தவை. ஆனால் அதே நூல்களில் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டித் தண்டிக்கின்ற காட்சியும் வருகிறது. மனைவியர் இருவரின் சண்டையும் வருகிறது. இரண்டுமே கேட்பவர் சிரிப்பதற்காக அமைந்தவை. சொல்லை உழைப்பாளியிடம் வாங்கிக்கொண்டு, அவனது வலியைப் பகிடியாகத் திருப்பிக் கொடுத்த கணக்கு அது.

இதற்கு எதிர்ப்புறத்தில் சங்க காலத்து உதாரணம் ஒன்று உண்டு. புறநானூற்றின் 35ஆம் பாட்டைப் பாடியவர் வெள்ளைக்குடி நாகனார். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்ற சோழ அரசனுக்குப் பாடினார். அரசனின் போர் வெற்றிகூட உழுபடையின் விளைவே என்று எடுத்துச் சொல்லி, ஏரைக் காப்பவர்களைக் காக்கும்படி அவனுக்கு உணர்த்துகிறார். அந்தப் பாட்டின் பயனாகப் பழைய நிலத்துக்கு இருந்த வரிக்கடன் நீங்கியது என்று பாட்டின் கீழேயுள்ள பழங்குறிப்புக் கூறுகிறது. ஒரு வயற்பாட்டு ஒரு வயலின் கடனைத் தீர்த்தது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தமிழில் எனக்குத் தெரியாது. அவர் வயலின் அழகை அரசனுக்குக் காட்டப் போகவில்லை. உன் வெற்றியில் இவனுக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கைக் காட்டப் போனார்.

வயலில் நின்றவர்களே பாடியவற்றைப் பார்த்தால் நமக்கு வேறொரு பாடம் கிடைக்கிறது. நமது பிரதேசத்து முஸ்லிம் கிராமங்களில் வழங்கி வந்த கவிகள், அவற்றைக் கட்டியவர் பெயர் தெரியாதவை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊரூராகத் தேடித் தொகுத்திராவிட்டால் பல கவிகள் அவற்றைப் பாடிய மூதாட்டிகளுடனேயே மண்ணுக்குள் போயிருக்கும். இந்தக் கவிகளைப் புரட்டுகிறவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. வயலின் எழிலைப் புகழ்வதற்காகவே கட்டிய கவிகள் அவற்றில் அதிகமில்லை. வயல் அங்கே பெரும்பாலும் பிரிவின் இடம். மச்சான் காவலுக்குப் போய்விட்டான், வாடியில் தனியே கிடக்கிறான், பரணில் கண்விழிக்கிறான், யானைக்கும் பன்றிக்கும் நடுவே அவன் இருக்க, அவள் ஊரில் நாளை எண்ணுகிறாள். போகம் முடிந்து வரும்வரை கலியாணம் காத்திருக்கிறது. வயலில் நின்றவனுக்கு வயல் காட்சியாகத் தெரியவில்லை. அவனது நாட்களை எடுத்துக்கொண்ட இடமாகத் தெரிந்தது.

அப்படியென்றால் உழைப்பவனுக்கு அழகு தெரியாது என்று பொருளா? அப்படிச் சொல்கிறவர் அவனுடன் ஒரு மாலையாவது வரம்பில் நின்று பேசாதவராகவே இருப்பார். அவனுக்கும் அழகு தெரியும். அவனுடைய அழகு கணக்குடன் சேர்ந்து வரும். ஓர் உதாரணம் சொல்லலாம். வயல் கரும்பச்சையாக மதாளித்து நிற்பதைக் கண்டால் கவிஞர் மயங்குகிறார். விவசாயியோ அதனைக் கண்டால் யோசிக்கிறான். யூரியா அளவுக்கு மிஞ்சிவிட்டதோ, எரிபந்தம் விழுமோ, தத்தி பிடிக்குமோ என்பது அவனது யோசனை. அவனுக்குப் பிடித்த பச்சை சற்று வெளிறிய பச்சை. மயில் வரம்பில் நடந்தால் நமக்கு அது ஓவியம். அவனுக்கு விதை நெல்லையும் இளங்கதிரையும் தின்ன வந்த பிராணி. நிலவு நமக்குக் குளிர்ச்சி. அவனுக்கோ யானை தூரத்தில் வரும்போதே தெரியுமென்ற சிறிய ஆறுதல்.

மழையைப் பற்றி நமது கவிஞர்கள் எழுதியதைத் தொகுத்தால் தனி நூலாகும். அவற்றுள் எத்தனை கவிதைகளில் மழைக்கு மாதம் உண்டு? ஐப்பசியில் விதைத்த பின் வருகின்ற மழையும், மாசியில் கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கையில் வருகின்ற மழையும் ஒன்றல்ல. முன்னதற்குக் கையேந்தித் துஆக் கேட்டவர்களே பின்னதை நிறுத்தும்படி கேட்பார்கள். 2024 நவம்பரில் பெய்த மழை வயல்களை மூடியது, வீதிகளையும் மூடியது. அம்மாதம் 26ஆம் திகதி, நான் மேலே சொன்ன அதே மாவடிப்பள்ளி வீதியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. பிள்ளைகள் உயிரிழந்தார்கள். சேற்றில் இறங்கி உழுவதற்கென்று வாங்கிய வாகனமே வெள்ளத்தைக் கடப்பதற்கு ஊராரிடம் இருந்த ஒரே நம்பிக்கை. மாதமும் நாளும் இல்லாத மழையைப் பாடுவது எவ்வளவு எளிது என்பதை அந்த வீதி நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

உழைத்தவரே எழுதினாலும் கணக்கு முழுமையாகிவிடும் என்பதற்கில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஸ்டீபன் டக் என்ற கூலிக்காரர் இருந்தார். களத்தில் கதிரடிப்பது அவரது தொழில். தமது உழைப்பின் களைப்பையும் தூசியையும் எசமானின் ஏச்சையும் அவர் ஒரு நீண்ட கவிதையாக எழுதினார். 1730இல் அது அச்சேறியது. அரண்மனை அவரைக் கூப்பிட்டு ஆதரித்தது. ஆனால் அதே கவிதையில் வயலுக்கு வந்த பெண்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் வேலையைவிடப் பேச்சையே அதிகம் செய்கிறார்கள் என்று கேலி செய்தார். 1739இல் மேரி கோலியர் என்ற சலவைத் தொழிலாளிப் பெண் அதற்குக் கவிதையிலேயே பதில் எழுதினார். ஆண் வயலிலிருந்து வந்து உண்டு உறங்குகிறான். பெண்ணோ வயலிலிருந்து வந்தபின் வீட்டில் இன்னொரு நாளைத் தொடங்குகிறாள் என்பதே அவரது பதிலின் சாரம்.

மேரி கோலியர் நமது ஊரில் இருந்திருந்தால் அவருக்கு எழுதுவதற்கு நிறைய இருந்திருக்கும். நமது வயற்கவிதைகளில் நாற்று நடாத பெண்கள் நாற்று நடுகிறார்கள் என்று சொன்னேன். உண்மையில் அவர்கள் செய்கின்ற வேலைகளோ கவிதைக்குள் வருவதில்லை. புல்லுப் பிடுங்குதல், அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குதல், நெல் அவித்தல், வாசலில் காயப்போட்டுக் கோழிக்கும் மழைக்கும் காவல் இருத்தல், விடியுமுன் சோறாக்கி வயலுக்குக் கட்டிக் கொடுத்தல் ஆகிய இவற்றுள் எதற்கும் தென்றல் வீசுவதில்லை, கொக்குப் பறப்பதில்லை. கதிர் பொறுக்கிச் சேர்த்த நெல்லில் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு வாங்கிய உம்மாமார் நமது கிராமங்களில் எத்தனை பேர்! வெட்டு மெசின் வந்தபின் பொறுக்குவதற்கும் அதிகம் மிஞ்சுவதில்லை. ஒரு வருமானம் சத்தமின்றி மறைந்தது. அதற்கு ஒரு கவிதைகூட இரங்கியதாக எனக்கு நினைவில்லை. எருமை மிதித்த களவெட்டிக்காக இரங்கிய கவிதைகள் மட்டும் நிறைய உண்டு.

பழைமைக்கு இரங்குகின்ற கவிதைகளையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும். சூடடிப்பு, களவெட்டிக்கென்றே இருந்த தனிச் சொற்கள், பொலி என்று நெல்லை மரியாதையாக விளித்த பண்பாடு ஆகியவை போய்விட்டன என்று வருந்துவது நியாயமானதே. சொல் அழிவது சிறிய இழப்பல்ல. ஆனால் இரவிரவாக எருமைகளின் பின்னால் சுற்றி நடந்த கால்கள் யாருடையவை? அவரிடம் கேட்டால், மெசின் வந்தது கால்களுக்கு நல்லது, கூலிக்குக் கெட்டது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். கவிதை இந்த இரண்டாவது பாதியையும் முதற் பாதியையும் விட்டுவிட்டு, தனக்கு இழப்பாகத் தெரிந்த ஓசையை மட்டும் பாடினால், அது எவருக்காகப் பாடுகிறது?

இந்த இடத்தில் புகழ்ச்சியைப் பற்றியும் பேச வேண்டும். உழவன் நாட்டின் முதுகெலும்பு, உழவன் தெய்வம், உழவன் சேற்றில் கால் வைத்தால்தான் நாம் சோற்றில் கை வைக்கலாம் என்கின்ற வசனங்களை நமது பாடசாலைகளில் ஆண்டு தோறும் ஆயிரக்கணக்கான கொப்பிகளில் எழுதுவிக்கிறோம். ஒருமுறை தரம் ஒன்பது மாணவர்களுக்கு வயல் என்ற தலைப்பைக் கொடுத்திருந்தேன். கொப்பிகள் எல்லாவற்றிலும் முதுகெலும்பு இருந்தது. ஒரு பையன் மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தான். அவனுடைய வாப்பா கூலிக்கு மருந்து அடிக்கிறவர். வேலை முடிந்து வந்தால் குளிக்கும்வரை தங்கச்சியைத் தூக்க மாட்டாராம். குளித்த பின்னும் கையில் மணம் இருக்குமாம். அதனால் அவர் கரண்டியால் சாப்பிடுவாராம். அவ்வளவுதான் எழுதியிருந்தான். வகுப்பில் அதனை வாசிக்கச் சொன்னேன். முதுகெலும்பு எழுதிய பிள்ளைகள் யாரும் அசையவில்லை. அந்த வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் அந்த மணம் இருந்தது. அதனை எழுதலாம் என்பது அதுவரை அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

புகழ்ச்சி பாதிப்பில்லாதது என்று நினைக்க முடியாதபடி 2021ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு அரசாங்கம் தடை விதித்தது. நஞ்சற்ற உணவு, மண்ணின் மரபு, மூதாதையரின் வேளாண்மை என்ற அழகிய சொற்கள் அந்தத் தீர்மானத்தைச் சூழ நின்றன. மண்ணை நஞ்சிலிருந்து காப்பது நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு போகத்தில் அதனைச் செய்துவிடலாமா என்று வயலில் நிற்பவரிடம் கேட்கப்படவில்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகம் விதைத்தாகிவிட்டது. விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. உழவனைப் புகழ்கின்ற மொழியும் அவனைக் கேளாமல் தீர்மானிக்கின்ற மொழியும் எவ்வளவு இலகுவில் ஒன்றாகிவிடுகின்றன என்பதை அந்த ஆண்டு கண்டோம். தெய்வமாக்கப்பட்டவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை, கூலியும் பேசுவதில்லை.

இதற்கு மாறாக, நமது மார்க்கச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம் உண்டு. விளைச்சலின் ஸக்காத்தைப் பற்றிய நபிமொழி, வான்மழையாலும் ஊற்றாலும் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று என்றும், நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று என்றும் பிரிக்கிறது. ஒரே நெல், ஒரே நிலம், ஒரே எடை. ஆனாலும் ஒன்றில் மனிதனின் தோள் வலித்திருக்கிறது என்பதனால் சட்டம் அவனிடம் பாதியைத்தான் கேட்கிறது. உழைப்பு இங்கே புகழப்படவில்லை; கழித்துக் கணக்கிடப்பட்டிருக்கிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபிமொழியும் வியர்வையை வருணிக்கவில்லை. அதற்கு ஒரு தவணை குறிக்கிறது. வியர்வைத் துளியை முத்தென்று பாடிய நமது கவிதைகளுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை ஒவ்வொருவரும் தாமே அளந்துகொள்ளலாம்.

சரி, கவிதை கணக்குப் புத்தகமா என்று நண்பர்கள் கேட்பார்கள். வயலில் இறங்கியவர்தான் வயலைப் பாடலாம் என்றால் இலக்கியத்தில் பாதி கிழித்தெறியப்பட வேண்டும் என்றும் சொல்வார்கள். இந்த ஆட்சேபணையில் நியாயம் இருக்கிறது. கவிஞர்களைப் பற்றிய குர்ஆனின் 26ஆவது அத்தியாயம், தாம் செய்யாததைச் சொல்கிறவர்கள் என்று அவர்களைக் கண்டித்தாலும், அந்தக் கண்டனத்தோடு நிறுத்திவிடவில்லை. நம்பிக்கையும் நற்செயலும் உள்ளோரை விலக்கி வைக்கிறது. செய்யாததைச் சொல்வதில் எல்லாம் பொய் இருப்பதில்லை. செய்யாதவர் சொல்வதற்கு நமது சட்டத்திலேயே ஒரு கண்ணியமான இடம் உண்டு. அதுதான் சாட்சியின் இடம். வழக்கில் சாட்சி பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் கண்டிருக்க வேண்டும். கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். நான்காவது அத்தியாயம் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தச் சாட்சியம் நமக்கே எதிரானதாக இருந்தாலும் சொல்லும்படி கேட்கிறது.

நமக்கே எதிரானதாக இருந்தாலும் என்பதை நமது எழுத்தாளர்கள் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். இப்பிரதேசத்தின் பழைய நில உறவு போடியார், முல்லைக்காரன், வயற்காரன் என்ற படிகளில் நின்றது. நிலம் போடியாருக்கு; செய்கையின் மேற்பார்வை முல்லைக்காரனுக்கு; சேறு வயற்காரனுக்கு. எழுத்தும் படிப்பும் இப்படிகளில் மேலிருந்துதான் கீழே வந்தன. இன்றும் ஆசிரியர், எழுதுவினைஞர், சட்டத்தரணி என்று இருக்கின்ற நம்மில் பலருக்கு இரண்டு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ உண்டு. அதனைச் செய்பவர் வேறொருவர். குத்தகை நெல் வீடு வந்து சேரும் நாளில்தான் நமக்கு வயல் நினைவு வருகிறது. வள்ளுவர் உழவு அதிகாரத்தின் இறுதியில் நிலத்தை ஒரு பெண்ணாக்கி, தன்னை வந்து பாராதவனுடன் ஊட வைத்தார், சோம்பியிருப்பவனைக் கண்டு சிரிக்கவும் வைத்தார். குத்தகை வாங்குகிறவர் எழுதுகின்ற வயற்கவிதையில் குத்தகை எங்கே இருக்கிறது? அது இல்லாத கவிதை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சாட்சி தனக்குப் பாதகமான பகுதியை மறைத்துவிட்டார் என்றுதான் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட சாட்சியம் நமக்கு எட்டாததொன்றல்ல. பக்கத்திலேயே முன்மாதிரிகள் இருக்கின்றன. பெரியநீலாவணையில் பிறந்த நீலாவணன் ஓர் ஆசிரியர். 1931இல் பிறந்து 1975இல் மறைந்தார். அவர் வேளாண்மை என்ற பெயரிலேயே ஒரு காவியம் எழுதினார். அவர் மறைந்தபின் 1982இல் அது நூலாகியது. காவியத் தலைவனாக அரசனைத் தேடாமல், மட்டக்களப்பு மண்ணின் விவசாயக் குடும்பத்தை வைத்து, இப்பகுதியின் வயற்சொற்களையும் பேச்சோசையையும் செய்யுளுக்குள் நிறுத்தினார். எம்.ஏ. நுஃமானின் 1977ஆம் ஆண்டுத் தொகுப்பான தாத்தாமாரும் பேரர்களும் நூலில் நிலம் என்னும் நல்லாள் என்ற நெடுங்கவிதை இடம்பெற்றது. இவர்கள் ஏரைப் பிடித்தார்களா என்று யாரும் கேட்பதில்லை. சொற்கள் சரியாக இருக்கின்றன. அதனால் கேட்கத் தோன்றுவதில்லை. வரம்பு இருக்க வேண்டிய இடத்தில் வரம்பும், வாடி இருக்க வேண்டிய இடத்தில் வாடியும் இருப்பது கவிதையில் சிறிய விடயம் போலத் தோன்றலாம். உழைத்தவருக்கு நாம் கொடுக்கக்கூடிய முதற்கூலி அதுதான். அவரது வேலையை அதன் பெயரால் அழைத்தோம் என்பதற்கு அது அத்தாட்சி.

எனது கருத்தைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வயலைப் பாடுகிறவர் வயலில் நிற்பவருக்குப் புகழைக் கடன்படவில்லை. சரியான விபரத்தைக் கடன்பட்டிருக்கிறார். விபரம் சரியானால் அழகு தானாக வரும் என்று நான் உறுதி கூற மாட்டேன். சில நேரம் வராமலும் போகலாம். வராவிட்டால் கவிதை தோற்கிறது, அவ்வளவுதான். அதனால் எவருடைய உரிமையும் பறிபோவதில்லை. ஆனால் விபரம் பிழையாகி அழகு மட்டும் வந்துவிட்டால், அந்த அழகுக்கான செலவை வேறொருவர் செலுத்தியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

இளம் கவிஞர்களுக்கு ஒரு சிறிய யோசனை. வயலைப் பற்றி ஒரு கவிதை எழுதினால், அதனைச் சஞ்சிகைக்கு அனுப்புமுன் போகத்தில் ஒரு நாள் அந்தக் கடதாசியுடன் ஒரு வாடிக்குப் போங்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பவரிடம் வாசித்துக் காட்டுங்கள். "நல்லாயிரிக்கி தம்பி" என்று அவர் மரியாதைக்குச் சொன்னால் கடதாசியை மடித்து வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். "அது அப்பிடியில்ல தம்பி, அந்த நேரம் தண்ணி கட்டுறல்ல, வடிக்கிற" என்று அவர் திருத்தத் தொடங்கினால் பேனையை எடுங்கள். அவர் திருத்துகின்ற வரிதான் உங்கள் கவிதையில் அவருக்குச் சேர வேண்டிய பங்கு. அதனை அன்றைக்கே, அந்த வாடியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.